பார்மசி மாணவர்களுக்கான டிஜிட்டல் ஹெல்த் பயிற்சி: முதல் நாள் அருமை, இரண்டாம் நாள் ஏமாற்றம்

பார்ம்.டி நான்காம் ஆண்டு படிக்கிறேன். ஒரு தனியார் மையம் நடத்திய இரண்டு நாள் பயிற்சிக்குப் போன வாரம் போய் வந்தேன்.

முதல் நாள் கொடுத்த காசுக்குத் தகும். கையில் ஒட்டும் சர்க்கரை சென்சாரை எங்களுக்கே ஒட்டிவிட்டார்கள். அது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசு நீரை அளக்கிறது, அதனால் சாப்பிட்டதும் விரலில் குத்திப் பார்க்கும் அளவைவிடச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும் என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. இது தெரியாமல் நோயாளிக்கு என்ன சொல்லியிருப்பேன்? அப்புறம் க்யூஆர் கோடு. 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்து பிராண்டுகளுக்கு அது கட்டாயம், ஸ்கேன் செய்தால் பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் வரும். கல்லூரியில் ஒரு தடவைகூட யாரும் செய்து காட்டவில்லை.

இரண்டாம் நாள் வெறும் ஸ்லைடு. ஆபா எண்ணுக்கு, அதாவது ஒருவரின் மருத்துவப் பதிவுகளை இணைக்கும் அரசின் டிஜிட்டல் அடையாள எண்ணுக்கு, 14 இலக்கம் என்று வாசித்தார்கள், நோயாளியின் சம்மதத்தோடு அந்தப் பதிவுகளைப் பார்ப்பது எப்படி என்று ஆப்பில் காட்டவே இல்லை. மருந்தின் பக்கவிளைவைப் பதிவு செய்வதும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது, கவுன்டரில் நிற்கப்போகிறவர்களுக்கு அதுதானே முதலில் வேண்டும்? முதல் நாளை மட்டும் தனியாக நடத்தினால் தயங்காமல் போங்கள்.