லெங்தியா, புரொலாங்டா, புரொட்ராக்டடா, கிரானிக்கா?

அக்கா மக இந்த வருஷம் எஸ்பிஎம், அதாவது மலேசியாவுல அஞ்சாம் படிவத்து அரசாங்கப் பரீட்சை எழுதுறா. போன வாரம் பினாங்கு ஜெலுத்தோங் வீட்டுல அவ எழுதுன இங்கிலீஷ் கட்டுரைய பார்த்தேன், தம்பிக்கு 'லெங்தி ஃபீவர்'னு இருந்துச்சு, அது சரியில்லன்னு சொன்னேன். "ஏன் சித்தி, நீண்ட நாள் காய்ச்சல்தானே?"ன்னு கேட்டா. நியாயமான கேள்விதான், ஏன்னா எழுதும்போது நாம எல்லாத்துக்கும் 'நீண்ட'ன்னு போட்டு முடிச்சிடுறோம், ஆனா பேசும்போது நீளுது, நீடிக்குது, இழுக்குதுன்னு தனித்தனியாத்தான் சொல்றோம், அந்த மூணையும் பிடிச்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிரும்.

லெங்தி நீளமா இருக்குறதுக்கு. கோயில் ஆண்டுக்கூட்டத்துல தலைவர் பேச்சு, பத்துப் பக்க ரிப்போர்ட், இதெல்லாம் லெங்தி, கொஞ்சம் அலுப்பும் அதுல ஒட்டியிருக்கும். காய்ச்சலுக்கு அது ஒட்டாது. ரெண்டு மூணு நாள்ல விட வேண்டியது விடாம நீடிச்சா அது புரொலாங்ட்.

புரொட்ராக்டட் வேற ரகம், இழுத்தடிக்கிறது. சொத்து கேஸ், சம்பளப் பேச்சுவார்த்தை மாதிரி முடிவே எட்டாம இழுபறியா போறதுக்குத்தான் இது பொருந்தும். டிராக்டரும் இதுவும் ஒரே லத்தீன் வேர்ல இருந்து வந்தது, அந்த வேருக்கு அர்த்தமே 'இழு'. இத சொன்னதும் அவளுக்கு டக்குன்னு பிடிபட்டுருச்சு.

எனக்கு ரொம்ப முக்கியமா படுறது கிரானிக்தான். அம்மா தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறி இறங்குனதுல இருந்து இருமிக்கிட்டே இருந்தாங்க, சித்திரை பொறந்தும் விடல. கிளினிக்ல குடுத்த லெட்டர்ல 'கிரானிக் காஃப்'னு பார்த்துட்டு, ஏதோ பெரிய வியாதின்னு நினைச்சு கார்ல அழுதுக்கிட்டே வந்தாங்க, லெட்டர மடிச்சு மடிச்சு கைக்குள்ளயே வச்சிருந்தாங்க. யாரும் அவங்களுக்கு விளக்கிச் சொல்லல. கிரேக்கத்துல க்ரோனோஸ்னா காலம், கிரானிக்னா நாள்பட்டது, அவ்வளவுதான். பெரியவங்களுக்கு 8 வாரத்த தாண்டுன இருமலுக்கு டாக்டர்ங்க வைக்கிற பேரு அது. எவ்ளோ கடுமைன்னு அந்தச் சொல்லு சொல்லாது. எதிர்ச்சொல் அக்யூட், திடீர்னு வர்றது, சமயத்துல அதுதான் அதிக ஆபத்து. வயசானவங்க இருக்குற வீட்டுல இந்த ஒரு சொல்லையாவது விளக்கிச் சொல்லி வைங்க.

பெர்மனென்ட், பெர்பெச்சுவல் ரெண்டும் நிரந்தரம்தான், ஆனா பெர்மனென்ட்ல கொஞ்சம் இடம் இருக்கு. பெர்மனென்ட் மார்க்கர் மை ஸ்பிரிட் போட்டு துடைச்சா போயிரும், பெர்மனென்ட் வேலையையும் விட்டுட்டு வரலாம். பெர்பெச்சுவல்னா ஓயாம, முடிவே இல்லாம. 99 வருஷ லீஸ் இல்லாத ஃப்ரீஹோல்டு வீட்டு கெரான்ல (நிலப் பட்டாவுல) மலாய்ல 'செலாமா-லாமாஞா', என்னைக்குமேன்னு போட்டிருக்குமே, இங்கிலீஷ்ல அதுக்கு 'இன் பெர்பெச்சுவிட்டி'தான், அங்க பெர்மனென்ட் வராது.

கடைசியில அக்கா மக லெங்திய அடிச்சிட்டு புரொலாங்ட் எழுதுனா, பக்கத்துலயே ஒன்பது நாள்னு கணக்கையும் சேர்த்துக்கிட்டா, அதுதான் இன்னும் தெளிவா இருந்துச்சு.