மட்டக்களப்பு வானைப் படமெடுக்க: டொப்சோனியனா, ஈக்குவட்டோரியலா?

வானத்தைப் படமெடுக்க வேண்டுமென்றால் முதல் தொலைகாட்டியே ஈக்குவட்டோரியல் தாங்கியுடன் இருக்க வேண்டும் என்ற அறிவுரை, துருவ நட்சத்திரம் வானில் பாதி உயரத்தில் நிற்கும் ஐரோப்பிய நாடுகளுக்கு முற்றிலும் பொருந்தும். அந்தத் தாங்கியின் ஓர் அச்சைத் துருவத்தை நோக்கி நிறுத்திவிட்டால், மணிக்கு 15 பாகை நகரும் வானத்தை ஒரே மோட்டார் பின்தொடர்ந்துவிடும். ஆனால் நாம் இருப்பது ஏறத்தாழ 7.7 பாகை வடக்கில். கல்லடிக் கடற்கரையில் நின்றால் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து ஏறத்தாழ எட்டுப் பாகை உயரத்திலேயே நிற்கும். கடற்புகாரும் தென்னைகளும் அதையும் பெரும்பாலான இரவுகளில் மறைத்துவிடுகின்றன. அச்சை ஏறக்குறையப் படுக்கையாகச் சாய்க்க வேண்டியிருப்பதால், சிறிய தாங்கிகளில் குழாயின் எடையைச் சமன்செய்யும் எடைக்கல் தண்டு முக்காலியின் காலில் முட்டுவதும் உண்டு. வியாழனைத் தொடர்ந்துகொண்டிருந்த ஓர் இரவில் என்னுடைய தண்டு அப்படி முட்டி நின்றபோதுதான், இந்தக் கருவி நமது அகலக்கோட்டை மனத்திற்கொண்டு செய்யப்பட்டதன்று என்பதை உணர்ந்தேன்.

மேலும் கீழும் பக்கவாட்டிலும் கையால் திருப்பும் எளிய தாங்கியில் அமர்ந்த ஆடித் தொலைகாட்டியான மேசை டொப்சோனியனுக்கு இத்தகைய அமைப்பு வேலை எதுவுமில்லை. 130 மில்லிமீற்றர் ஆடியும் 650 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்ட குழாயைக் கவிழ்த்த உரலின்மேல் வைத்தால், முக்காலியை நடுங்கவைக்கும் கச்சான் காற்றிலும் அது அசையாது நிற்கும். 70 மில்லிமீற்றர் வில்லைத் தொலைகாட்டியைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு ஒளியை அது சேர்ப்பதோடு, மலிவான வில்லைகள் நிலவின் விளிம்பில் விடும் ஊதா நிறக் கரையும் அதில் இராது.

தொடராத கருவியால் எப்படிப் படமெடுப்பது என்று கேட்பது நியாயமே. நிலவுக்கு நொடியின் நூறில் ஒரு பங்கு நேரம் ஒளி வாங்கினாலே போதுமாதலால் அங்கே தொடர்தலுக்குத் தேவையே எழாது. அட்டமி நாளில் கைத்தொலைபேசியைக் கண்வில்லையில் பொருத்தி, திரையில் நிலவை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டி, வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வெறும் வெண்மையாகத் தெரிந்த இடத்தில் கிண்ணக்குழிகளின் சுவர்களும் அவற்றின் கரிய நிழல்களும் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். முழுநிலவில் இந்த நிழல்கள் இல்லாததால் படம் தட்டையாகிவிடும். வியாழனுக்கும் சனிக்கும் காணொளி எடுத்து, அதிலுள்ள தெளிவான தனிப்படங்களை மட்டும் ஓட்டோஸ்டாக்கேர்ட் என்னும் இலவச மென்பொருளால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கலாம். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைச் சுற்றிவிடுவதால் ஒரு பதிவு இரண்டு மூன்று நிமிடங்களைத் தாண்டக்கூடாது. இவ்விரு கோள்களும் இங்கே உச்சத்தில் 55 பாகைக்கு மேலேயே கடப்பதால் காற்றின் கலக்கம் குறைவு. ஐரோப்பாவில் ஒருசில ஆண்டுகளில் மட்டுமே கிட்டும் வாய்ப்பு இது. நேர் தலைக்குமேல் வரும்போது மட்டும் டொப்சோனியனைத் திருப்புவது கடினம், ஆகவே சற்று முன்னரோ பின்னரோ எடுப்பதே நல்லது.

ஒளிரும் வாயு முகிலான ஒரியன் நெபுலாவையோ, மே மாத இரவில் தெற்கே 35 பாகை உயரத்தில் நிற்கும் ஒமேகா சென்டோரி விண்மீன் கொத்தையோ நீண்ட நேரம் ஒளி வாங்கி எடுக்க விரும்புவோருக்கு ஈக்குவட்டோரியலே தேவை. டொப்சோனியனால் அது இயலாது. டிஎஸ்எல்ஆர் கமராவை இத்தகைய சிறு டொப்சோனியன்களில் நேரடியாகப் பொருத்தினால் பலவற்றில் குவியமே கிடைப்பதில்லை. இருந்தும், முதல் ஓராண்டு நிலவிலும் கோள்களிலும் கழியப்போகிறவருக்கு நான் டொப்சோனியனையே சொல்வேன்.

வாவிக்கரையில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் தவறாமல் செய்ய வேண்டும்: பனி படிந்த ஆடியை உடனே மூடாமல், உள்ளறையில் திறந்து உலரவிட்ட பின்னரே மூடியை இடுங்கள், ஏனெனில் உப்புக் கலந்த ஈரம் அலுமினியப் பூச்சைத் தின்றுவிடும்.