உங்கள் தாத்தா பெயரில் பங்கு இருக்கிறது என்று போன் வந்தால்

என் மாமாவுக்கு வந்த போனில் தாத்தாவின் முழுப் பெயரும், அவர் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்து விலாசமும் சரியாகவே இருந்தன. "வாரிசைத் தேடிக்கொண்டிருந்தோம் சார், பழைய பங்குகள், இப்போது பல லட்சம் பெறும்" என்றார்களாம். எந்தக் கம்பெனி என்பதை மட்டும் அக்ரிமென்ட் போட்ட பிறகுதான் சொல்வார்களாம்.

அக்ரிமென்ட்படி கிடைப்பதில் 30 சதவீதம் அவர்களுக்கு. அதுபோக ஃபைல் சார்ஜ் என்று 18,000 ரூபாய், ஒரு பவர் பத்திரம், கையெழுத்து மட்டும் போட்ட வெற்று டெலிவரி ஸ்லிப்புகள் (நம் கணக்கிலிருக்கும் பங்கை வேறொருவர் கணக்குக்கு மாற்றச் சொல்லும் சீட்டு). கம்பெனி பெயர் தெரிந்ததும் அத்தை டிரங்குப் பெட்டியைக் கிளறி அசல் பங்குச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். அதையும் ரசீது தராமல் வாங்கிப் போனார்கள். அப்புறம் எப்போது கேட்டாலும் "டெல்லியில் பெண்டிங்".

விலாசம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? அதில் ரகசியமே இல்லை. ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் (கம்பெனி தரும் லாபப் பங்கு) வாங்காத பங்குகள், 2013 கம்பெனிச் சட்டப்படி, ஐஇபிஎஃப் (முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதி) எனும் மத்திய அரசின் நிதிக்குப் போய்விடும். அப்படிப் போகும் பங்குதாரர்களின் விவரத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட்டாக வேண்டும். ஐஇபிஎஃப் தளத்திலும் பெயர் போட்டுத் தேடலாம், காசு கிடையாது. நான் தேடியதும் தாத்தா பெயர் வந்துவிட்டது.

கம்பெனியின் பங்குதாரர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் ரெஜிஸ்ட்ராருக்கு மெயில் போட்டேன். க்ளெய்ம் எதுவும் வரவில்லை, விலாசம் மாற்றக் கேட்டு ஒரு கடிதம் மட்டும் வந்தது, கையெழுத்து ஒத்துப்போகாததால் நிராகரித்துவிட்டோம் என்று பதில் வந்தது. கடிதம் எழுதியவர் 1998-ல் இறந்துபோன எங்கள் தாத்தா! புது விலாசம் அந்த ஏஜென்ட்டின் ஆபீஸ். கடைசிவரை தமிழில் கையெழுத்துப் போட்டவர், போன வருடம் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்.

வாரிசுகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் குடும்பங்களில் நியாயமாக அலைந்து கமிஷன் வாங்குபவர்களும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு இது நாமே செய்யக்கூடிய வேலைதான். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று இவற்றோடு முதலில் கம்பெனியை அணுகி, பங்கு உங்களுக்குரியது என்று கடிதம் வாங்க வேண்டும். தொகை பெரிதென்றால் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்றும் கேட்பார்கள். பிறகு ஐஇபிஎஃப்-5 படிவத்தை ஆன்லைனில் போட வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. தாமதமாகும், ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், அலுத்துப்போகும். முடிவில் பங்கு வாரிசின் டீமேட் கணக்குக்குத்தான் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) வரும். வெற்று ஸ்லிப்பில் முன்கூட்டியே கையெழுத்து வாங்குவது எதற்கென்று இப்போது புரியும்.

வங்கி டெபாசிட்டைக் காட்டியும் இதே பேச்சு வரும். பத்து வருடம் கேட்பாரில்லாமல் கிடக்கும் டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போனாலும், வாரிசு அந்த வங்கியிலேயே கேட்டு வாங்கலாம். ரிசர்வ் வங்கி 2023-ல் தொடங்கிய உத்கம் தளத்தில் இதையும் இலவசமாகத் தேடலாம்.

மாமா பவரை ரத்து செய்து, ரெஜிஸ்ட்ராருக்கும் எழுத்தில் தெரிவித்து, போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார். அசல் சான்றிதழ் இன்னும் அவர்களிடம்தான். அது இல்லாததால் புகார் நகல், உறுதிமொழிப் பத்திரம் என்று புதிதாக ஒரு கட்டுக் காகிதம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.