எச்.டி. 650-உம் மூன்று ஆம்ப்ளிஃபையர்களும்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

சென்ஹைசர் நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்.டி. 650 ஹெட்போனை ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். அப்போது என்னிடம் பேசிய அத்தனை பேரும் சொன்னது ஒன்றுதான்: இது 300 ஓம் ஹெட்போன் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பான இம்பீடன்ஸின் அளவு), நல்ல ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இல்லாமல் இதை வாங்குவது வீண் செலவு. அந்தப் பேச்சை நம்பி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கருவிகளுடன் இதை இணைத்துக் கேட்டிருக்கிறேன். முதலாவது, கைப்பேசிக்காக வீட்டில் ஏற்கெனவே இருந்த ஆப்பிள் யு.எஸ்.பி.-சி டாங்கிள், அதாவது சார்ஜ் துளையில் செருகி ஹெட்போனை இணைக்கும் சிறு கருவி. இரண்டாவது, 2018-இல் வந்த ஜே.டி.எஸ். லேப்ஸ் நிறுவனத்தின் 'ஆட்டம்' (Atom) என்ற மேசை ஆம்ப். மூன்றாவது, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓ.டி.எல். வகை வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப். இடையில் ஹைஃபைமேன் சுந்தரா என்ற பிளேனார் வகை (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலிக்கும்) ஹெட்போனும் வந்து சேர்ந்தது. அது வந்த பிறகுதான் பல விஷயங்கள் எனக்குத் தெளிவாயின.

இவை இரண்டுமே ஓப்பன்-பேக் வகை, அதாவது காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்புறம் வெறும் வலைத்தகடு. உள்ளே ஒலிப்பது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், வெளியே ஓடும் மின்விசிறி நமக்குக் கேட்கும். சென்னையில் ஏப்ரல் மாதம் விசிறியை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்பது நடக்காத காரியம் என்பதால், தம்புராவின் மெல்லிய கார்வையை முழுமையாகக் கேட்க வேண்டுமென்றால் எந்த ஆம்ப் வாங்கினாலும் விசிறியின் வேகத்தை இரண்டுக்குக் குறைத்தாக வேண்டும். வாங்க நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான், ஆம்ப் அதற்கு அடுத்தபடிதான்.

டாங்கிளிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க வகை ஆப்பிள் டாங்கிள் அதிகபட்சம் ஏறத்தாழ 1 வோல்ட் தரும். எச்.டி. 650-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபெல் ஒலி வரும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. அதற்குத் தேவைப்படுவது 3.3 மில்லிவாட் மட்டுமே. 'இந்த ஹெட்போனைக் கைப்பேசியால் ஓட்டவே முடியாது' என்ற பேச்சு எவ்வளவு மிகை என்பது இதிலிருந்தே தெரியும். அண்மைக்காலத் திரைப்பாடல்கள் பதிவிலேயே உரக்க அமைக்கப்பட்டவை என்பதால், பாதி வால்யூமே எனக்கு மிகுதியாக இருந்தது. ஆனால் பழைய கச்சேரிப் பதிவுகளில் கதை வேறு. அவற்றில் தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனத்தின் உச்சத்துக்கு இடம் விட்டு மற்றதெல்லாம் தாழ்ந்த அளவில் பதிவாகியிருக்கும். ஆலாபனையின் சராசரி அளவு உச்சத்தைவிட 25 டெசிபெல் கீழே இருந்தால், டாங்கிளை முழுவதும் திறந்தாலும் காதுக்கு வருவது 78 டெசிபெல்தான். விசிறி ஓடும் அறையில் அது போதவில்லை. சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இதே டாங்கிளின் வால்யூம் முழுமையாக ஏறாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மடிக்கணினியில் அந்தத் தொல்லை இல்லை.

ஆட்டம் வந்த முதல் வாரத்தில், ஒலி விரிந்துவிட்டது, வீணையின் மீட்டு தனியாகத் தெரிகிறது என்றெல்லாம் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை எடுத்து வைத்துக்கொண்டு, 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் இணைந்திருக்கும் நிலையிலேயே இரண்டிலும் ஒரே வோல்ட் வரும்படி சரிசெய்தேன். நான் வழக்கமாகக் கேட்டுவந்த அளவில் ஆட்டம் ஏறத்தாழ 3 டெசிபெல் உரக்க ஓடிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அளவைச் சமப்படுத்திய பின், என் தம்பி எதுவும் சொல்லாமல் பிளக்கை மாற்றி மாற்றிச் செருக, நான் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்ல முயன்றேன். பத்து முறையில் ஐந்து முறைதான் சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். ஆட்டத்தை நான் இன்றும் வைத்திருப்பதற்குக் காரணம், கச்சேரிப் பதிவுகளுக்குத் தேவையான வோல்ட் அதில் தாராளமாக இருக்கிறது, முன்பக்கத்தில் கைக்கு அடக்கமான ஒரு குமிழும் இருக்கிறது. அவ்வளவே.

வால்வு ஆம்ப் அப்படியல்ல. அதில் வேறுபாடு உண்மையாகவே இருந்தது. ஹெட்போன்களின் இம்பீடன்ஸ் என்று பெட்டியில் அச்சிடுவது ஒற்றை எண்தான் என்றாலும், எச்.டி. 650 போன்ற டைனமிக் வகையில் (கம்பிச் சுருள் ஒட்டிய படலம் அதிர்ந்து ஒலிப்பது) அந்த எண் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். 300 ஓம் என்று சொல்லப்படுவது 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் ஏறத்தாழ 500 ஓம் வரை எழும்பும். ஆம்பின் சொந்த வெளியீட்டு இம்பீடன்ஸ் ஒரு ஓமுக்கும் குறைவாக இருந்தால், ஆட்டத்தில் இருப்பதுபோல, இந்த மேட்டினால் ஒன்றும் ஆகாது. என் வால்வு ஆம்பின் கையேட்டில் அந்த எண் இல்லாததால் நானே அளந்தேன். ரிச்சி தெருவில் வாங்கிய 300 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வெளியீட்டில் பொருத்தியதும், அதுவரை 1 வோல்ட் காட்டிய மீட்டர் 0.75-க்கு இறங்கியது. கால் வோல்ட் ஆம்பின் உள்ளேயே தங்கிவிடுகிறது என்றால், அதன் இம்பீடன்ஸ் ஏறத்தாழ 100 ஓம். அதே கணக்கில், ஹெட்போன் 500 ஓமுக்கு ஏறும் இடத்தில் 0.83 வோல்ட் போய்ச் சேரும். ஆக, கீழ்ச்சுருதிப் பகுதி மற்றவற்றைவிட ஒரு டெசிபெலுக்குச் சற்றுக் குறைவான அளவு தூக்கலாக ஒலிக்கும். இத்துடன் வால்வுகள் சேர்க்கும் சிறு சிதைவும் உண்டு.

எண்ணாகப் பார்த்தால் அற்பம், ஆனால் மிருதங்கத்தில் அது கேட்கிறது. தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) விழும் கும்கி ஒலி சற்றே பருத்து, ஒரு கணம் கூடுதலாக நின்று மறைவதுபோல் இருக்கும். வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) 'சாப்பு' அப்படியே இருக்கும். தம்பியை வைத்து இதையும் சோதித்தபோது பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொன்னேன். இதைத்தான் பலரும் 'வால்வின் கதகதப்பு' என்கிறார்கள் போலும். எனக்கு அது பிடித்திருக்கிறது, குறிப்பாக 1960-களின் மெலிந்த பதிவுகளில். உள்ளதை உள்ளபடி தருவது எது என்று கேட்டால் மட்டும் ஆட்டத்தைத்தான் கைகாட்டுவேன்.

அதே வால்வு ஆம்பில் சுந்தராவைச் செருகிய நாளில்தான் பாடம் முழுமையடைந்தது. சுந்தராவின் இம்பீடன்ஸ் 37 ஓம், பிளேனார் என்பதால் எல்லா அதிர்வெண்ணிலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஓம் குறைவு, எனவே சுலபமாக ஓடும் என்று நினைத்திருந்தேன். 100 ஓம் ஆம்பின் எதிரில் 37 ஓம் வைத்தால், 1 வோல்ட்டில் 0.27 மட்டுமே ஹெட்போனுக்குப் போகும். குமிழை முக்கால் பங்கு திருப்பியும் ஒலி தளர்ந்து, தவில் விழும் இடங்களில் கரகரத்தது. ஒரே 1 வோல்ட்டுக்கு எச்.டி. 650 இழுக்கும் மின்னோட்டம் 3.3 மில்லி ஆம்பியர், சுந்தரா இழுப்பதோ 27, ஓ.டி.எல். வால்வுகளுக்கு வோல்ட் தருவது எளிது, மின்னோட்டம் தருவதுதான் பாடு. ஆட்டத்தில் இணைத்ததும் சுந்தரா ஒரு குறையுமின்றி ஓடியது. 'ஓம் அதிகம் என்றால் பெரிய ஆம்ப், குறைவு என்றால் எதுவும் போதும்' என்று கடைகளில் சொல்லும் விதியை நம்பி யாரும் வால்வு ஆம்ப் வாங்கிவிட வேண்டாம்.

வால்வு ஆம்புடன் குடித்தனம் நடத்துவதில் வேறு சங்கடங்களும் உண்டு. அதில் உள்ள 6ஏஎஸ்7 என்ற வால்வின் ஹீட்டர் மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் குடிக்கும், அதாவது பாட்டே ஓடாதபோதும் 16 வாட் வெப்பம். கத்திரி வெயிலில் மேசையின் அந்த மூலையில் கை வைக்க முடிவதில்லை. முதல் ஒரு மாதம் ஓயாத இரைச்சல் வேறு. வால்வை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், போகவில்லை. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் நிற்பதையும், சார்ஜர் செருகியிருக்கும்போது அதன் உலோக மூடியில் புறங்கை பட்டால் லேசாகச் சுரீரென்பதையும் ஒரு நாள் கவனித்த பிறகுதான் எலக்ட்ரீஷியனை அழைத்தேன். பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தால், மூன்றாவது துளைக்கு எர்த் கம்பியே போகவில்லை. பழைய அடுக்குமாடி வீடு. கட்டியவர் துளையை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கம்பி இழுத்த அன்று மாலையே இரைச்சல் அடங்கியது. உயர் மின்னழுத்தம் ஓடும் ஆம்பை எர்த் இல்லாமல் ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இந்த ஆறு ஆண்டுகளில் எச்.டி. 650-இன் ஒலியை மிக அதிகமாக மாற்றியது எது என்றால், மேற்சொன்ன மூன்றில் எதுவும் இல்லை, அதன் காதுமெத்தைதான். வியர்வையிலும் தலையின் அழுத்தத்திலும் பஞ்சு தட்டையாகி, காது, ஒலி எழுப்பும் பாகமான டிரைவரை நெருங்கிவிடுகிறது, ஒலியின் சமநிலை மெல்ல மெல்லக் கெட்டுப்போகிறது. மெதுவாக நடப்பதால் தெரிவதில்லை. மூன்றாம் ஆண்டில் மெத்தையை மாற்றிய அன்று வேறொரு ஹெட்போனைக் கேட்பதுபோல் இருந்தது. கருவி எதுவும் வேண்டாம், விரலால் நெம்பினாலே கழன்றுவிடும்.

இப்போது மேசையில் ஆட்டம் மட்டும் இருக்கிறது, எச்.டி. 650-உம் சுந்தராவும் அதில் மாறி மாறி ஏறுகின்றன. வால்வு ஆம்பைத் துணி சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்ததும் விசிறியை நிறுத்திவிட்டு அதை வெளியே எடுப்பேன்.