வாராவாரம் தண்ணீர் மாற்றுவதா, கால்க் ஊற்றுவதா, டோசிங் பம்பா? ரீஃப் டேங்க் பராமரிப்பு அட்டவணைகள்: ஓர் ஒப்பீடு

200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) ஒன்றை எடுத்துக்கொள்வோம். சம்ப் (கீழே வைக்கும் துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (நுரையால் அழுக்கைப் பிரிக்கும் கருவி), லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறை) எல்லாம் இருக்கிறது. உள்ளே பெரும்பாலும் மென்பவளம், கொஞ்சம் கல்பவளம். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவுவது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஃபில்டர் சாக்கை (வடிகட்டும் துணிப்பை) மாற்றுவது, கண்ணாடிப் பாசியைச் சுரண்டுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்ப்களைக் கழற்றிச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பது: இதெல்லாம் எந்த அட்டவணையிலும் உண்டு. ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் வித்தியாசம் வருவது ஒரே இடத்தில்தான். பவளம் எடுத்துக்கொள்ளும் ஆல்கலினிட்டியையும் (தண்ணீரின் கார்பனேட் இருப்பு, சுருக்கமாக ஆல்க்) கால்சியத்தையும் எப்படித் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்பதில்.

இங்கே ஒப்பிடுவது மூன்று முறைகளை: வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுவது மட்டும், டாப்-அப் தண்ணீரில் (ஆவியானதை ஈடுசெய்ய ஊற்றுவது) கால்க் எனும் சுண்ணாம்பைக் கலந்து விடுவது, இரண்டு கரைசல்களை அளந்து ஊற்றும் டூ-பார்ட் டோசிங். மூன்றில் எது என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது. உங்கள் டேங்கின் ஆல்க் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் அளவெடுங்கள்

பவளத்தின் எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட். அது வளர வளர ஆல்கலினிட்டி 1 டி.கே.ஹெச் (ஆல்க் அளக்கும் அலகு) குறைந்தால் கால்சியம் சுமார் 7 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 7 பங்கு) குறையும். இந்த விகிதம் மாறாது. கடல்நீரில் ஆல்க் ஏறத்தாழ 7, கால்சியம் 420 அளவில் இருக்கும். 8-ல் ஒன்று குறைந்தால் கிட்டில் பளிச்சென்று தெரியும். 420-ல் ஏழு குறைந்தால் எந்த வீட்டுக் கிட்டும் சொல்லாது. ஆகவே அடிக்கடி பார்க்க வேண்டியது ஆல்க். கால்சியத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் மக்னீசியத்தை மாதம் ஒருமுறையும் பார்த்தால் போதும்.

எவ்வளவு குறைகிறது என்று அறிய, ஐந்து நாள் தண்ணீர் மாற்றாமல், எதுவும் ஊற்றாமல் விடுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் ஒரே நேரத்தில் ஆல்க் பாருங்கள். வித்தியாசத்தை ஐந்தால் வகுத்தால் ஒரு நாள் செலவு. இன்று பார்த்து நாளை பார்ப்பதில் பயனில்லை. ஆல்க் அளக்கும் ஹன்னா செக்கர் கருவியின் பிழை வரம்பே பிளஸ் மைனஸ் 0.3 டி.கே.ஹெச், அதற்கு மேல் அளவின் 5 சதவீதம். ஒரே நாளில் 0.3 இறங்கியதாகத் தெரிந்தால் இறங்கியது ஆல்க்கா, கருவியா என்று பிரிக்க முடியாது. ஐந்து நாள் விட்டால் பிழை ஐந்தால் வகுபட்டுவிடும்.

கீழே வரும் கணக்குகள் நாளுக்கு 0.5 டி.கே.ஹெச் செலவாகும் டேங்குக்கு.

வாராந்தரத் தண்ணீர் மாற்றம்

எல்லோரும் முதலில் கற்பது இதைத்தான். 20 லிட்டர் எடுத்து, 20 லிட்டர் புதிது ஊற்றுவது. "புது உப்பில் எல்லாம் இருக்கிறது, வேறெதுவும் வேண்டாம்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். டேங்கில் ஆல்க் 8, புது உப்புத்தண்ணீரில் 11 என்றால், 10 சதவீதம் மாற்றும்போது கிடைக்கும் உயர்வு 0.3 மட்டுமே. டேங்க் வாரத்தில் செலவழித்தது 3.5. நாளொன்றுக்கு 0.04-க்கு மேல் செலவாகும் எந்த டேங்கையும் இந்த முறை தாங்காது. அளவை 20 சதவீதமாக்கினாலும் 0.09 வரைதான். காளான் பவளம், ஸோவாந்திட், லெதர் மட்டும் இருக்கும் டேங்கில் இது போதும். ஒரு கைப்பிடி அளவு ஹாமர் அல்லது மான்டிபோரா போன்ற கல்பவளம் வளர ஆரம்பித்தாலே போதாது.

நைட்ரேட்டுக்கும் இதே கதைதான். வாரம் 5 பி.பி.எம் நைட்ரேட் உற்பத்தியாகும் டேங்கில் வாரம் 10 சதவீதம் மாற்றிக்கொண்டே போனால், அது 50 பி.பி.எம்மில் போய்த்தான் நிலைக்கும். அங்கேதான் ஒரு மாற்றத்தில் வெளியேறுவதும் ஒரு வாரம் சேர்வதும் சமமாகின்றன. நைட்ரேட்டை இறக்கும் வேலையைத் தண்ணீர் மாற்றத்தின் தலையில் கட்டாதீர்கள். அது ஸ்கிம்மரின் வேலை. சம்பில் கீட்டோ பாசி வளர்க்க இடம் இருந்தால் அதன் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, தீவனம் போடும் கையின் வேலை.

அப்படியானால் இந்த முறை எதற்கு நல்லது? நீங்கள் அளக்காத நுண்தனிமங்களை ஓரளவு சரியான விகிதத்துக்குத் திருப்புகிறது. மணலில் தங்கிய அழுக்கைக் குழாயால் உறிஞ்ச ஒரு சாக்குக் கிடைக்கிறது. தவறு செய்தாலும் டேங்க் செத்துப்போகாது, இது சாதாரண விஷயமில்லை.

செய்யும் விதம்: முந்தின இரவே பக்கெட்டில் ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீர் (ஆர்.ஓ. வடிகட்டியும் டி.ஐ. ரெசினும் தாண்டி வந்த சுத்தத் தண்ணீர்) 20 லிட்டர் பிடித்து, சின்ன பம்ப் ஓடவிட்டு, சுமார் 740 கிராம் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் செறிவு எகிறி, கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்தது மறுபடி கரையாது. 35 பி.பி.டி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) வந்ததா என்று உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்கும் முன், அதை 35 பி.பி.டி கரைசலை வைத்துச் சரிசெய்யுங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்ஜியம் காட்டும் கருவி 35-ல் இரண்டு மூன்று தப்பாகக் காட்டலாம்.

சமையலறை ஆர்.ஓ. தண்ணீரை எடுத்து ஊற்றுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தப்பு. குடிக்க ருசியாக இருக்க வேண்டும் என்று அந்த மெஷின்கள் பலவற்றில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) கன்ட்ரோலர் வைத்து வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுகிறார்கள். மீட்டரில் 40, 60 என்று வரும். அதில் சிலிக்கேட் இருந்தால் கண்ணாடியும் மணலும் பழுப்புப் பாசியாகிவிடும். டி.ஐ. ரெசின் தாண்டி வரும் தண்ணீர் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். 1 காட்ட ஆரம்பித்ததுமே ரெசினை மாற்றுங்கள்.

கடற்கரையில் இருப்பவர்கள் கேனில் கடல்நீர் பிடித்து வருவதும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழகக் கரையோரத்தில் உப்புத்தன்மை நன்றாக இறங்கிவிடும், முகத்துவாரங்களுக்கு அருகில் சாக்கடையும் சேரும். அளக்காமல் ஊற்றக் கூடாத தண்ணீர் அது.

கால்க்

கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. பீட்டர் வில்கென்ஸ் என்ற கடல்நீர்த் தொட்டி வளர்ப்பாளர் பரப்பிய முறை, இன்றைக்கும் பழசாகவில்லை. டேங்கில் ஆவியாகும் தண்ணீரை எப்படியும் ஈடுசெய்கிறோம். அந்த டாப்-அப் தண்ணீரிலேயே கால்சியத்தையும் ஆல்க்கையும் சரியான விகிதத்தில் கலந்து அனுப்புவதுதான் இதன் சூட்சுமம். பின்னால் எந்த உப்பும் மிஞ்சாது. கூடவே கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பி.ஹெச். ஏறும். ஜன்னல் மூடிய ஏசி அறையில் 7.8-லேயே கிடக்கும் டேங்குக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

லிட்டருக்கு ஒன்றரை கிராம் தூள். கலக்கி, மூடி, தெளியவிட்டு, மேலே உள்ள தெளிவை மட்டும் விடுங்கள். அடியில் தங்கும் வெள்ளை வண்டல் டேங்குக்குப் போகக் கூடாது. மேலே மெல்லிய ஏடு படியும், அது காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு உண்டானது. அதை உடைத்துக் கலக்காதீர்கள். கலக்கும்போதெல்லாம் இன்னும் காற்று புகுந்து சத்து வீணாகும். கரைசலின் பி.ஹெச். 12-க்கு மேல் என்பதால் கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும் வேதிப்படி இதுவேதான் என்றாலும், கூட என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரியாததால் அதை விட்டுவிட்டு உணவுத் தரத் தூள் வாங்குங்கள்.

நம் 200 லிட்டர் டேங்கின் 0.5 டி.கே.ஹெச்-ஐ ஈடுசெய்யச் சுமார் 900 மில்லி கால்க் தண்ணீர் போதும். ஒரு நாளில் 2 லிட்டர் ஆவியானால் 1.1 வரை ஈடுசெய்யலாம், 3 லிட்டர் என்றால் 1.7. இந்த முறையின் எல்லையும் இதுவே: ஆவியாவதற்கு மேல் ஒரு சொட்டும் ஊற்ற முடியாது. சில்லர் வைத்து மேலே மூடியும் போட்ட டேங்கில் ஆவியாவது குறைவு. புழுக்கமான கடலோர ஊரில் இன்னும் குறைவு. ஃபேன் வைத்துக் குளிர்விக்கும் டேங்குக்குத்தான் கால்க் கச்சிதமாகப் பொருந்தும்.

பயப்பட வேண்டியது ஒன்று. மிதவை சுவிட்சில் நத்தை ஏறி உட்கார்ந்துவிட்டால் டாப்-அப் பம்ப் நிற்காது. 10 லிட்டர் கால்க் மொத்தமாக இறங்கினால் ஆல்க் 5.7 ஏறும், பி.ஹெச். 9-ஐத் தாண்டும், டேங்க் பால் போல வெளுக்கும். இதற்கு இரண்டாவது சுவிட்ச் வைப்பது நல்லது. கால்க் டப்பாவைச் சின்னதாக வைப்பது அதைவிட நல்லது. 4 லிட்டர் டப்பா என்றால் முழுக்கக் கொட்டினாலும் உயர்வு 2.3-ல் நிற்கும், பவளம் பிழைக்க வாய்ப்புண்டு. பதிலுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள். விடுவது இரவில் இருக்கட்டும், அப்போதுதான் பி.ஹெச். தாழ்ந்திருக்கும்.

டூ-பார்ட் டோசிங்

ஒரு பாட்டிலில் ஆல்க், இன்னொன்றில் கால்சியம். வீட்டில் செய்வதென்றால்: ஒரு லிட்டர் கரைசலுக்கு ஆப்பசோடா 84 கிராம், இன்னொரு லிட்டருக்குக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 73.5 கிராம். இப்படிக் கரைத்தால் இரண்டும் சம பலம். 200 லிட்டரில் 1 டி.கே.ஹெச் ஏற ஒவ்வொன்றிலும் 71 மில்லி, நம் டேங்கின் 0.5-க்கு 36 மில்லி. பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதை வாங்கிவிடாதீர்கள். கால்சியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். திறந்து கிடந்த பொட்டலத்தில் 73.5 கிராம் நிறுத்தால் அதில் பாதி தண்ணீராகக்கூட இருக்கலாம். கரைக்கும்போது சூடாகும், பதற வேண்டாம்.

இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஊற்றினால் அங்கேயே சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும். சம்பில் ஓட்டம் அதிகமுள்ள இடத்தில் ஆல்க். அரை மணி கழித்துக் கால்சியம். பம்ப் இருந்தால் ஆல்க்கை ஆறேழு தவணையாகப் பிரித்துவிடுங்கள். கைநிறைய மில்லிகளை ஒரே தடவையில் ஊற்றும் டேங்கில் ஆல்க் நாள் முழுக்க ஏறி இறங்கும், அக்ரோபோரா என்ற கல்பவளத்தின் நுனி வெளுப்பது பெரும்பாலும் அதில்தான். ஒரு நாளில் 1 டி.கே.ஹெச்-க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

துல்லியத்தில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வராது. ஆனால் இதற்கென்று ஒரு கடன் உண்டு. இரண்டு கரைசலும் சேர்ந்து பவளமாகும்போது மிச்சமாவது சாதா உப்பு. நாளுக்கு 0.5 ஊற்றும் டேங்கில் மாதம் 0.3 பி.பி.டி ஏறும், ஆறு மாதம் கவனிக்காவிட்டால் கிட்டத்தட்ட 2. ஆகவே மாதம் ஒருமுறை 1.7 லிட்டர் டேங்க் தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ.டி.ஐ. ஊற்றுங்கள். அதைத் தவிர மாதம் 10 சதவீதத் தண்ணீர் மாற்றமும் தேவை, இல்லாவிட்டால் சல்பேட் போன்றவற்றின் விகிதம் மெல்ல நழுவும். "டோசிங் பண்றோம், தண்ணீர் மாத்தவே வேண்டாம்" என்று விளம்பரம் பார்த்துச் சொல்பவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். தண்ணீரே மாற்றாத டிரைட்டன் போன்ற முறைகள் உண்டுதான். அவை ஆய்வகத்தில் தனிமங்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஐ.சி.பி. சோதனையையும் பெரிய பாசித் தொட்டியையும் நம்பி நிற்பவை.

கால்சியம் ரியாக்டரை (கரியமில வாயுவால் பவளத் துகளைக் கரைத்துக் கொடுக்கும் கருவி) இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. 400 லிட்டருக்கு மேல், கல்பவளம் நிறைந்த டேங்குக்கு அருமையான கருவி. 200 லிட்டருக்குச் சிலிண்டர், ரெகுலேட்டர், பி.ஹெச். கன்ட்ரோலர் எல்லாம் வீண் செலவு.

எது யாருக்கு

உப்புச் செலவைப் பார்த்தால் வாராந்தர முறைக்கு மாதம் 3 கிலோ. மற்ற இரண்டுக்கும் மாதம் முக்கால் கிலோ. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரும் அதே விகிதத்தில் குறையும், கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இது பெரிய விஷயம்.

நாளுக்கு 0.04-க்குக் கீழே (வாரம் 20 சதவீதம் மாற்றினால் 0.09 வரை) செலவாகும் மென்பவள டேங்க்: தண்ணீர் மாற்றம் மட்டும், ஆல்க் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். அதற்கு மேல் 1 வரை, தினம் இரண்டு லிட்டராவது ஆவியாகிறது: கால்க், மாதம் ஒரு தண்ணீர் மாற்றம், வாரம் இருமுறை ஆல்க். ஆவியாவது போதவில்லை அல்லது செலவு 1-ஐத் தாண்டுகிறது: டூ-பார்ட். இரண்டையும் சேர்த்து, பெரும்பகுதியைக் கால்க்கும் மீதியைப் பம்பும் பார்த்துக்கொள்ளும்படி வைப்பதுதான் கலவை டேங்குக்கு எங்கள் முதல் தேர்வு. மக்னீசியம் 1200-க்குக் கீழே போனால் எந்த முறையிலும் ஆல்க் நிற்காது. எவ்வளவு ஊற்றினாலும் ஹீட்டரிலும் பம்பிலும் போய்ப் படியும். அப்போது மருந்தளவைக் கூட்டாதீர்கள், முதலில் மக்னீசியத்தை 1300-க்கு ஏற்றுங்கள்.

இந்தியாவில் கல்பவளம் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2001 முதல் கல்பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துவந்து விற்பதை வாங்காதீர்கள்.

ஊருக்குப் போகும்போது

பத்து நாள் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் மூன்று அட்டவணையும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். தண்ணீர் மாற்றும் டேங்க் ஒரு வாரத் தவணை தவறினாலும் சாதாரணமாகத் தாங்கும். டாப்-அப் மட்டும் ஓடினால் போதும். கால்க் டேங்குக்குப் பெரிய டப்பா வைத்துவிட்டுப் போகத் தோன்றும், வைக்காதீர்கள். அந்தப் பத்து நாளும் டாப்-அப்பில் வெறும் ஆர்.ஓ.டி.ஐ. இருக்கட்டும், 0.5 வீதம் 5 டி.கே.ஹெச் இறங்கும் என்பதால் அதற்குப் பதில் டோசிங் பம்ப் ஓட வேண்டும். பம்பை நம்பிப் போவதென்றால், கிளம்ப ஒரு வாரம் முன்பே மெயின் சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். மலிவு மாடல்கள் சில, மின்சாரம் போய் வந்ததும் கடிகாரத்தை மறந்து நின்றுவிடும். அப்படி நின்றால் சின்ன யு.பி.எஸ்-ஐ பம்புக்கு மட்டுமாவது மாட்டுங்கள். பாட்டில்களில் பத்து நாளுக்கான 360 மில்லிக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். பம்ப் கோளாறாகி நிற்காமல் ஓடினாலும் அவ்வளவுதான் இறங்கும், அதாவது 5 டி.கே.ஹெச். அதுவும் அதிகம்தான். முடிந்தால் பக்கத்து வீட்டாரிடம் பாதி அளவைக் கொடுத்து, ஐந்தாம் நாள் பம்பின் பாட்டில்களில் ஊற்றச் சொல்லிவிட்டுப் போங்கள்.