சைகோனில் டாக்சி ஏறும் முன் அந்த நீலத் தாள்களைப் பிரித்து வையுங்கள்

திருச்சியிலிருந்து நேரடி விமானம் வந்தபிறகு நம் ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வியட்நாம் போகிறார்கள். தாராளமாகப் போங்கள், அருமையான ஊர். ஆனால் ஹோ சி மின் நகரில் (சைகோன் என்பது இதன் பழைய பெயர்) தெருவில் நிற்கும் டாக்சியில் ஏறப்போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

அக்கா, அத்தான், நான் மூவரும் சீனர்கள் பகுதியான சோலோன் பக்கம் பின் தாய் சந்தையைச் சுற்றிவிட்டு வெளியே வந்தோம். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் நம் செட்டியார்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, அங்கே போக வேண்டும் என்று அக்கா காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற வெள்ளை டாக்சியில் ஏறினோம். பச்சை, சிவப்புக் கோடு, பெரிய கம்பெனியின் வண்டி மாதிரியே இருந்தது. பெயரில் ஓர் எழுத்து மட்டும் வேறு. அதை இறங்கிய பிறகுதான் கவனிக்க முடிந்தது.

அங்கே மீட்டரில் கடைசி மூன்று பூஜ்யத்தை விட்டுவிட்டுக் காட்டுவார்கள். 120.0 என்றால் 1,20,000 டாங், நம் பணத்தில் சுமார் 400 ரூபாய். அந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். எங்கள் மீட்டரோ சிக்னலில் நிற்கும்போதும் தாவிக்கொண்டே போய், கோயில் வாசலில் 460.0 காட்டியது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. முன் சீட்டில் இருந்த அத்தான் 5 லட்சம் டாங் தாளை நீட்டினார். ஓட்டுநர் வாங்கி மடியில் வைத்தார், சில்லறை தேடுவது போல ஒரு குனிவு, அடுத்த நொடி கையில் 20,000 டாங் தாள். "ட்வென்ட்டி, ட்வென்ட்டி" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். இரண்டு தாளும் நீலம், இரண்டும் பிளாஸ்டிக், இரண்டிலும் அதே ஹோ சி மின் முகம். மாற்றி வைத்தால் சட்டென்று தெரியாது.

"நான் அஞ்சு லட்சம்தானே கொடுத்தேன்? மாப்ளே, நீ பார்த்தேல்ல?" என்றார் அத்தான். "பார்த்தேன் அத்தான், நீளமான தாள்தான்" என்றேன். 5 லட்சத் தாள் கொஞ்சம் நீளம் அதிகம், பின்பக்கம் ஹோ சி மின் பிறந்த வீடு இருக்கும். 20,000-இல் ஹோய் ஆன் பாலம். ஆனால் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அவருக்கு வியட்நாமிய மொழி, நமக்குத் தமிழ். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. "கொடுத்துத் தொலைங்க, இறங்குவோம்" என்று அக்கா பதறியதால் இன்னொரு 5 லட்சம் போயிற்று. மிச்சமும் வரவில்லை. 3,000 ரூபாய்க்கு மேல் தண்டம்.

வண்டி நம்பரைப் படம் எடுத்து ஓட்டலில் காட்டினோம். வரவேற்பில் இருந்த பெண் அசல் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டாள். அப்படி ஒரு வண்டியே எங்களிடம் கிடையாது என்றார்களாம்.

அதன்பிறகு முழுக்க கிராப் (Grab) ஆப்பில் அழைக்கும் டாக்சிதான். கட்டணம் ஏறும் முன்பே தெரிந்துவிடும், கார்டிலேயே கட்டிவிடலாம். (ஊபரைத் தேடாதீர்கள், 2018-லேயே கிராபிடம் விற்றுவிட்டுப் போய்விட்டது.) தூத்துக்குடியில் ஆலை வைத்திருக்கும் வின்ஃபாஸ்டின் மின்சாரக் கார்களும் அங்கே டாக்சியாக ஓடுகின்றன, அதற்கும் ஆப் உண்டு. இணையம் இல்லையென்றால் வினாசன், மாய் லின் ஆகிய டாக்சி கம்பெனிகளின் வண்டிகளை ஓட்டலிலோ பெரிய கடையிலோ சொல்லி அழைத்துத் தரச் சொல்லுங்கள். 5 லட்சத் தாள்களைத் தனி உறையில் வையுங்கள், டாக்சிக்கு அதைத் தரவே தராதீர்கள். பர்ஸைத் திறந்து காட்டவும் வேண்டாம், "நான் எண்ணித் தருகிறேன்" என்று கையை விடுகிற ஆட்களும் உண்டு.

விமான நிலையத்திலிருந்து வரும்போது மீட்டருக்கு மேல் 10,000 டாங் சொச்சம் நுழைவுக் கட்டணம் கேட்பார்கள். அது நிஜமாகவே உண்டு, அதற்குச் சண்டை போடாதீர்கள்.