மின்தடை நாளில் வேளச்சேரியா, கோட்டூர்புரமா?

சென்னையில் பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 வரை மின்சாரம் நிற்கும் சனிக்கிழமைகளில் பலர் யோசிக்காமல் வேளச்சேரி ஃபீனிக்ஸ் மாலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஏசி, சாப்பாடு, சினிமா எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் பார்க்கிங் முதல் ஃபுட் கோர்ட் வரை காசு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு இது சின்னச் செலவில்லை.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால் நுழைவு இலவசம். 2010-இல் திறந்த பெரிய கட்டடம், குளிர்சாதன வசதி உண்டு. குழந்தைகள் பிரிவில் செயற்கை மரம் ஒன்று, சுற்றிலும் படப்புத்தகங்கள்; பிள்ளைகள் லேசில் எழுந்து வர மாட்டார்கள். பரீட்சைக்குப் படிப்பவர்கள் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமும் இருக்கிறது. சத்தம் போடக்கூடாது என்பதால் அரட்டைக்கும் கைக்குழந்தைக்கும் மால்தான் சரி. மற்றபடி என் ஓட்டு நூலகத்துக்கே. இவ்வளவு நல்ல பொது இடம் இருந்தும் வீட்டுப் புழுக்கத்தில் வேகிறவர்களைப் பார்த்தால் ஆதங்கமாக இருக்கிறது.

அப்புறம், எங்கே போனாலும் ஃபிரிட்ஜை மூடியே வையுங்கள். சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். மீன், கறி இருந்தால் 9 மணிக்கு முன்பே ஃப்ரீசருக்கு மாற்றிவிடுங்கள்.